பாதுகாப்புச் செலவு எங்கே போகிறது? பாதீடு மாறும்போது சிப்பாய்க்கும் பயிற்சிக்கும் என்ன நடக்கிறது

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 442 பில்லியன் ரூபாய். பத்திரிகைகள் தலைப்பில் போட்டது அந்தத் தொகையைத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலருக்குக் கோபம் வந்ததும் அதைப் பார்த்துத்தான். நாட்டில் போர் முடிந்தது 2009இல். கிழக்கில் அதற்கும் முன்பே, 2007இல். பிறகு எதற்கு இவ்வளவு காசு என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விஷயத்தைச் சொல்வது அந்தத் தொகைக்குக் கீழே இருக்கும் இரண்டு எண்கள்தான்: 382 பில்லியன் மீண்டெழும் செலவு, 60 பில்லியன் மூலதனச் செலவு. நூறு ரூபாயில் 86 ரூபாய்க்கு மேல் அன்றாட நடப்புக்கே போய்விடுகிறது.

மீண்டெழும் செலவு என்பது சம்பளம், கொடுப்பனவு, சாப்பாடு, சீருடை, எரிபொருள், மின்சாரம், திருத்த வேலை என்று வருடா வருடம் திரும்பத் திரும்ப வருவது. மூலதனச் செலவு என்பது கட்டடம், வாகனம், இயந்திரம் என்று ஒருமுறை செலவழித்துப் பல வருடம் பாவிப்பது. பாடசாலையில் பொருளியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். படைக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் பலரும் கவனிக்காத ஒன்று வெளியே வருகிறது: அரசாங்கம் பாதுகாப்புச் செலவில் எதை முன்னுக்கு வைக்கிறது என்பது மாறினால், முதலில் அடிபடுவது பயிற்சி. அடிபட்டது வெளியே தெரிவதும் இல்லை.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சீருடையில் நிற்கும் எல்லாரையும் ஆமி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விசேட அதிரடிப்படை, அதாவது எஸ்.ரி.எப்., பொலிஸின் ஒரு பிரிவு. அதன் செலவு பொலிஸ் கணக்கில் வரும், இராணுவக் கணக்கில் அல்ல. இந்தக் கட்டுரை இராணுவத்தைப் பற்றியது.

ஆள், பயிற்சி, தளபாடம்

எந்த நாட்டு இராணுவமாக இருந்தாலும் காசு மூன்று பக்கமாகத்தான் பிரியும். முதலாவது ஆட்களுக்கு: சம்பளம், சாப்பாடு, வைத்தியம், பிறகு ஓய்வூதியம். இரண்டாவது அந்த ஆட்களைத் தயாராக வைத்திருக்க: பயிற்சி, எரிபொருள், ரவை, வாகனத் திருத்தம். மூன்றாவது தளபாடத்துக்கு: ஆயுதம், வாகனம், தொடர்பாடல் கருவி.

இந்த மூன்றும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்காது. சம்பளத்தைக் குறைக்க முடியாது. அது சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியது. தளபாடம் வாங்குவதற்குப் பல வருட ஒப்பந்தம் இருக்கும், முறித்தால் நட்டஈடு வரும். மிஞ்சுவது நடுவில் இருக்கும் பயிற்சியும் பராமரிப்பும். அதை இந்த வருடம் கொஞ்சம் குறைத்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

வேளாண்மை செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு போடியார் பத்து ஆட்களை வருடக் கூலிக்கு வைத்திருக்கிறார் என்று வையுங்கள். உரமும் டீசலும் விலையேறிவிட்டது, கையில் இருப்பதோ போன வருடக் காசுதான். ஆட்களுக்குப் பேசிய கூலியைக் கொடுக்காமல் இருக்க முடியாது. அதனால் உழவு இயந்திரத்தின் திருத்த வேலை அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகும், டீசல் பாதியாகும். பத்துப் பேரும் வட்டைக்குள் நிற்பார்கள், வேலை மட்டும் நடக்காது. பார்க்கிறவருக்குப் பத்துப் பேர் நிற்பது தெரியுமே தவிர, உழாத வயலின் காரணம் தெரியாது.

இது அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது, உலகில் மிக அதிகமாகப் பாதுகாப்புக்குச் செலவழிக்கும் நாட்டில். 2013 மார்ச்சில் அங்கே தானாக நடைமுறைக்கு வரும் செலவுக் குறைப்பு ஒன்று தொடங்கியது. படையினரின் சம்பளத்துக்கு அதிலிருந்து முன்கூட்டியே விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் பாரம் முழுக்க மற்றக் கணக்குகளில் விழுந்தது. முழுப் படையணிகளும் வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கும் பெரிய போர்ப்பயிற்சி நிலையங்களில் அந்த வருடம் ஏழு சுற்றுப் பயிற்சியை இராணுவம் இரத்துச் செய்தது. விமானப்படை பல போர் விமானப் பிரிவுகளைத் தரையிலேயே நிறுத்தியது. ஒரு சிப்பாய்க்கும் சம்பளம் நிற்கவில்லை.

பயிற்சியில் எது முதலில் போகும்?

பயிற்சி என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது அணிவகுப்பும் ஓட்டமும்தான். அது பயிற்சியின் முதல் படி மட்டுமே. அடிப்படைப் பயிற்சி முடித்த சிப்பாய் பத்துப் பேர் அளவிலான சிறு குழுவில் பழக வேண்டும். அப்புறம் முப்பது பேர், நூற்றுக்கு மேல், பிறகு பல நூறு பேர் கொண்ட பற்றாலியன். மேலே போகப் போகச் செலவு பல மடங்காகும். பத்துப் பேர் பயிற்சி எடுக்க முகாமுக்குப் பின்னால் இருக்கும் காடு போதும். பற்றாலியன் ஒன்று நகர்ந்து பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் லொறிகள், எரிபொருள், சமையல், தொலைத்தொடர்பு, வைத்தியக் குழு, உண்மையான ரவை எல்லாம் வேண்டும். மூன்று படைகளும் சேர்ந்தால் படகும் ஹெலிகொப்டரும் வந்துவிடும். 2010 தொடங்கி இலங்கை இராணுவம் ‘கோர்மரண்ட் ஸ்ட்ரைக்’ என்ற பெயரில் நடத்தும் கூட்டுப் பயிற்சி அப்படிப்பட்டது. கிழக்குக் கடற்கரை அதற்குக் களமாக இருந்திருக்கிறது.

காசு இறுகினால் வெட்டு மேலிருந்து கீழே வரும். அணிவகுப்பு நிற்காது, அதற்குச் செலவில்லை. பெரிய கூட்டுப் பயிற்சி சுருங்கும், சுடும் பயிற்சியில் ஆளுக்குக் கிடைக்கும் ரவை குறையும், வாகனச் சாரதிக்கு ஓட்டக் கிடைக்கும் தூரம் குறையும். இதன் விளைவு அடுத்த மாதமே தெரியாது. ஒரு சார்ஜன்ட் உருவாகப் பத்து வருடம் அளவில் எடுக்கும். அந்தப் பத்து வருடத்தில் மூன்று வருடம் உருப்படியான பயிற்சி இல்லாமல் போனால், பிறகு எவ்வளவு காசைக் கொட்டினாலும் அந்த மூன்று வருடத்தை வாங்க முடியாது. துப்பாக்கியை வாங்கலாம், அனுபவத்தை வாங்க முடியாது. இந்தக் காரணத்தால்தான் பயிற்சிக் குறைப்பை நான் சம்பளக் குறைப்பைவிட ஆபத்தானதாக நினைக்கிறேன்.

இலங்கையில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அடுத்து வந்த 2023ஆம் ஆண்டுப் பாதீட்டில் பாதுகாப்புக்கு 410 பில்லியன், சுகாதாரத்துக்கு 322 பில்லியன், கல்விக்கு 232 பில்லியன். இந்த ஒப்பீட்டைப் பார்த்து மக்கள் கொதித்தது சரிதான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மருந்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? அதே நேரம் இன்னொன்றும் உண்மை. ரூபாய்க் கணக்கில் பெரிதாகத் தெரியும் அந்த 410 பில்லியனால் முந்திய வருடங்களில் வாங்கிய அளவு எரிபொருளையோ உதிரிப்பாகத்தையோ வாங்க முடியாது. அவை டொலரில் வருபவை. ஆட்தொகை அப்படியே இருக்க, காசின் பெறுமதி விழுந்தால், சுருங்குவது எது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆளைக் குறைப்பது என்ற முடிவு

2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ஒரு அறிவிப்புச் செய்தார். இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783. அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பது திட்டம். ஆட்சி மாறியபின் 2025இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் பாராளுமன்றத்தில் 2030க்கு அதே 100,000 என்ற இலக்கைச் சொன்னார். கடற்படைக்கு 40,000, விமானப்படைக்கு 18,000. இரண்டு அரசாங்கங்கள் ஒரே எண்ணைச் சொல்வது இந்த நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

ஏன் 2030? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சாதாரண சிப்பாய் 22 வருட சேவைக்குப் பிறகு ஓய்வூதியத்தோடு போகலாம். போரின் கடைசி வருடங்களில், 2007, 2008 பக்கம், பெருந்தொகையாக ஆட்சேர்ப்பு நடந்தது. 2008உடன் 22ஐக் கூட்டினால் 2030. யாரையும் வலுக்கட்டாயமாக வெளியே அனுப்பாமல், போகிறவர்களின் இடத்துக்குப் புதிதாக எடுப்பதைக் குறைத்தாலே எண்ணிக்கை இறங்கும். இதனோடு, அனுமதியில்லாமல் சேவையிலிருந்து விலகி நின்றவர்கள் சட்டப்படி வெளியேற 2022 நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரையும், மறுபடி 2024 ஏப்ரல், மே மாதங்களிலும் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். அது பெயர்ப்பட்டியலைச் சுத்தமாக்கும் வேலை.

ஆள் குறைந்தால் செலவும் உடனே குறையும் என்று நினைக்கக் கூடாது. சிப்பாய் வீட்டுக்குப் போனதும் அவருடைய சம்பளம் பாதுகாப்பு அமைச்சின் கணக்கிலிருந்து போய்விடும். ஓய்வூதியம் ஓய்வூதியத் திணைக்களத்தின் கணக்கில் ஏறும். நாட்டுக்குச் செலவு இடம் மாறுகிறது, மறைவதில்லை. இந்தியாவில் ஓய்வூதியமும் பாதுகாப்பு ஒதுக்கீட்டுக்குள்ளேயே காட்டப்படுவதால் அதன் பாரம் வெளிப்படையாகத் தெரிகிறது: 2024–25இல் மொத்தம் 6.21 இலட்சம் கோடி இந்திய ரூபாயில் 1.41 இலட்சம் கோடி ஓய்வூதியத்துக்கு. 2022 ஜூனில் அங்கே அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்துக்கு இந்தப் பாரமும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதில் சேர்பவருக்கு நான்கு வருடம்தான் சேவை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். ஆரம்பப் பயிற்சியும் ஆறு மாதமளவுக்குச் சுருங்கியது. நான்கு வருடத்தில் ஒருவரை எவ்வளவு தூரம் தேர்ந்த சிப்பாயாக்க முடியும் என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. ஓய்வூதியத்தை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு நேராகப் பயிற்சியின் வயிற்றில் கை வைத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரித்தானியா வேறு வழியில் போனது. 2010இல் சுமார் 102,000 ஆக இருந்த நிரந்தரப் படையை 82,000க்குக் குறைத்து, குறைந்த இடத்தைப் பகுதிநேரப் படையினரால் நிரப்பத் திட்டமிட்டார்கள். பகுதிநேர ஆட்சேர்ப்பு நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. 2021இல் இலக்கு 72,500க்கு இறங்கியது.

கிழக்கில் நிற்கும் சிப்பாய்க்கு என்ன பயிற்சி வேண்டும்?

முன்னுரிமை மாற்றம் என்பது தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் அல்ல. எதற்குத் தயாராக வேண்டும் என்பதே மாறுவதும் அதற்குள் வரும். எங்கள் இரண்டு மாவட்டங்களும் இதை நேரில் கண்டவை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின்போது, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் சுற்றிவளைப்பும் வெடிப்புகளும். அந்தத் தாக்குதல்கள் படையில் ஆள் போதாமல் நடந்தவை அல்ல. முன்கூட்டியே எச்சரிக்கைகள் கிடைத்திருந்தன, அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் பொறுப்பில் இருந்தவர்கள் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. இரண்டு இலட்சம் ஆளணி காப்பாற்ற முடியாத உயிர்களை, கையில் வந்த ஒரு தகவலைச் சரியாகக் கையாளப் பழகிய சிறு குழு காப்பாற்றியிருக்கலாம். ஆட்தொகைக்கும் பாதுகாப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

கண்ணிவெடி அகற்றுவது இன்னொரு வேலை. இராணுவத்தின் பொறியியல் பிரிவும் தொண்டு நிறுவனங்களும் வருடக்கணக்காகச் செய்த வேலையால் 2017 ஜூனில் மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஒரு சிப்பாய் முழங்காலில் இருந்து அடி அடியாக மண்ணைத் தட்டிப் பார்த்து நகரும் அந்த வேலைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் போட்ட காசுதான் கிரான், வாகரைப் பக்கம் மாடு மேய்க்கிறவருக்கும் சேனை செய்கிறவருக்கும் நேரடியாகத் திரும்பி வந்தது. பாதுகாப்புச் செலவில் நான் முழு மனதோடு வரவேற்கும் செலவு அதுதான்.

வெள்ளம் மூன்றாவது. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். 2024 நவம்பர் 26 காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. படையினரும் ஊர்மக்களும் சேர்ந்துதான் தேடினார்கள். வேகமாக ஓடும் நீரில் படகு செலுத்துவதும், கயிறு கட்டி ஆளை எடுப்பதும், இரவில் தேடுவதும் தனித்தனிப் பயிற்சிகள். துப்பாக்கி தூக்கப் பழகியவருக்கு அவை தானாக வந்துவிடாது. ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் வரும் மாவட்டத்தில் நிற்கும் முகாமுக்கு இந்தப் பயிற்சி மேலதிகம் அல்ல, அடிப்படை.

அதோடு தமிழ். புணானையிலோ அம்பாறையிலோ கடமைக்கு வரும் சிப்பாய் வெள்ளத்தில் ஒரு தாயிடம் “உள்ளுக்கு இன்னும் ஆராவது இருக்கினமா?” என்று கேட்கத் தெரியாமல் நின்றால் மற்றப் பயிற்சி எல்லாம் பாதிதான். மொழிப் பயிற்சிக்கு ரவையும் வேண்டாம், டீசலும் வேண்டாம். ஆசிரியரும் நேரமும் போதும். செலவு குறைந்த, பயன் கூடிய பயிற்சி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதீட்டுப் புத்தகத்தில் எதைப் பார்ப்பது?

திறைசேரி வருடாவருடம் செலவின மதிப்பீடுகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தலைப்பு எண். பாதுகாப்பு அமைச்சு 103, இராணுவம் 222, கடற்படை 223, விமானப்படை 224, பொலிஸ் 225. இராணுவத்தின் 222ஐத் திறந்தால் உள்ளே செலவு வகைகளுக்கும் எண் இருக்கும்: 1001 சம்பளம், 1003 மற்றக் கொடுப்பனவுகள், 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும், 1301 வாகனப் பராமரிப்பு, 2401 பயிற்சி.

2401இல் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு பயிற்சிக்கு இவ்வளவுதானா என்று முடிவுக்கு வர வேண்டாம். அந்த வரியில் பெரும்பாலும் பாடநெறி போன்ற செலவுதான் வரும். களப் பயிற்சியின் செலவு எரிபொருளிலும் உணவிலும் வாகனத்திலும் சிதறிக் கிடக்கும். ஆகவே மூன்று நான்கு வருடப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்து 1001, 1003 கூடும் வேகத்தையும் 1202, 1301 கூடும் வேகத்தையும் ஒப்பிடுங்கள். சம்பள வரிகள் ஏறிக்கொண்டே போக, எரிபொருள் வரி டீசல் விலை ஏறிய அளவுக்குக் கூட ஏறவில்லை என்றால், பயிற்சி சுருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்தொகை இறங்கும் வருடங்களில் சம்பள வரியில் மிச்சமாகும் காசு அந்த வரிகளுக்குப் போகிறதா, மூலதனத்துக்குப் போகிறதா, அல்லது 222ஐ விட்டே வெளியேறி சுகாதாரம், கல்விக்குப் போகிறதா என்றும் தெரியும். ஓய்வூதியத்துக்கு 253ஆம் தலைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு குழுநிலை விவாதத்துக்கு வரும் நாளில் மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) உறுப்பினர்களும் சபையில் இருப்பார்கள். அவர்களிடம் அதற்கு முன்பே எழுதிக் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன: கிழக்கில் இருக்கும் படைப்பிரிவுகளில் வெள்ள மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், தமிழ்ப் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர், 2030க்குள் ஓய்வு பெறப்போகிறவர்களுக்குத் தொழிற்பயிற்சிக்கு எந்த வரியில் காசு இருக்கிறது, ஆள் குறைந்து மூடப்படும் முகாம்களின் காணி யாரிடம் போகிறது.